பாகான் என்று தட்டினால் பர்மா வருகிறது

கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். கடை பாகான் செராயில். 2016-ல் ஒரு ராத்திரி கடையைச் சாத்திவிட்டு சர்ச் கன்சோல் கணக்கைத் திறந்து உட்கார்ந்தேன். யார் எதைத் தட்டித் தேடியபோது நம்முடைய வெப்சைட் கூகுளில் தலைகாட்டியது, அவர்களில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று கணக்குக் காட்டும் இடம் அது. கூகுளே இலவசமாகத் தருகிறது. தலைகாட்டியது ஆயிரக்கணக்கில் இருந்தது. உள்ளே வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊரே பந்தலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கை நனைக்காமல் போன கல்யாணம் மாதிரி இருந்தது.

எந்தச் சொல்லுக்கு இந்தக் கூட்டம் என்று பார்த்தேன். 'பாகான் பிரீ-வெட்டிங்', 'பாகான் சன்ரைஸ்', 'பாகான் பலூன்'. எங்கள் ஊரில் பலூனைக் கோவில் திருவிழாவில்தான் பார்க்கலாம், அதுவும் குச்சியில் கட்டியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவர்கள் தேடியது பர்மாவில், ஐராவதி ஆற்றங்கரையில் ஆயிரக்கணக்கான பழைய பௌத்தக் கோவில்கள் நிற்கும் பாகான். விடியற்காலையில் வெப்பக்காற்று பலூனில் ஏறி அந்தக் கோபுரங்களைப் படம் பிடிக்க அப்போது உலகம் முழுவதிலுமிருந்து ஆள் போனது. 2019-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் அது ஏறிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதினால் அந்தப் பாகானுக்கும் எங்கள் பாகானுக்கும் ஒரே ஐந்து எழுத்து.

பர்மா மட்டுமென்றால் பரவாயில்லை. பினாங்குக்காரர் வாயில் பாகான் என்றால் பட்டர்வொர்த். அங்கே நாடாளுமன்றத் தொகுதிக்கே அதுதான் பேர். தெற்கே போனால் பாகான் டத்தோ. படகு ஒதுங்கும் துறையெல்லாம் மலாயில் பாகான்தான். எங்களுடையது செராய், அதாவது எலுமிச்சைப்புல், சேர்ந்த பாகான். வெப்சைட் செய்து கொடுத்த பையன், "சின்னதா இருந்தாத்தான் அங்கிள் மனசுல நிக்கும்" என்று தலைப்பிலிருந்து செராயை வெட்டிவிட்டு 'பாகான் வெட்டிங் போட்டோகிராபர்' என்று போட்டிருந்தான். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

அன்று ராத்திரியே செராயைத் திரும்ப ஒட்டினேன். இரண்டு மாதத்தில் ஆயிரங்கள் நூறுகளாக இறங்கின. போன் அடிக்க ஆரம்பித்தது.

வெளியூர்க்காரருக்காக ஊரைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் கிரியான் மாவட்டம். 1906-ல் புக்கிட் மேராவில் அணை கட்டி வாய்க்கால் வெட்டியதிலிருந்து சுற்றிலும் நெல். அதற்கு முன்னால் இந்தப் பக்கம் கரும்பு. கரும்புக்கு வந்து இறங்கிய தமிழர்கள் பிறகு ரப்பருக்குப் போனார்கள், அப்புறம் செம்பனைக்கு. மாநிலத் தலைநகர் ஈப்போ என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே ஒழிய, சேலை எடுக்கவும் தாலி செய்யவும் நாங்கள் போவது பினாங்குக்கு. வடக்கே பாரிட் புந்தாரைத் தாண்டினால் நிபோங் திபால், அங்கேயே பினாங்கு மாநிலம் தொடங்கிவிடும். தெற்கே அரை மணி, முக்கால் மணி ஓட்டத்தில் தைப்பிங். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் ஊர்.

நடுவில் கிடப்பது தேடலில் பெரிய தொல்லை. வரைபடத்தோடு மூன்று கடைகளை மேலே காட்டுகிறதே, அந்தப் பெட்டிக்குள் யாரை விடுவது என்பதற்கு மூன்று கணக்குப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. தேடியதற்குப் பொருத்தமான கடையா, எவ்வளவு தூரம், எந்த அளவுக்குப் பேர் எடுத்தது. இதில் தூரத்துக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. ஜார்ஜ் டவுனில் உட்கார்ந்து தேடுகிற பெண்ணுக்கு ஜார்ஜ் டவுன் கடைதான் வரும், வரவும் வேண்டும். பாகான் செராயில் உட்கார்ந்து தேடினால் என் கடை முதலில் வரும். ஆனால் இங்கே உட்கார்ந்து யார் தேடுகிறார்கள்? இங்கே இருக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். தெருவில் போகும்போதே, "தம்பி, வைகாசில தேதி இருக்கா?" என்று கேட்டுவிடுவார்கள்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏழு வருடம் ஆனது. அதற்கு மாமா காலத்திலிருந்து சொல்ல வேண்டும்.

1987-ல் மாமாவின் ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அவரிடம் ஒரு யாஷிகா மேட் இருந்தது. 120 பிலிம், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஒரு கல்யாணத்துக்கு ஆறு ரோல் எடுத்துப் போவார், ஏழாவது ரோல் அவசரத்துக்குச் சட்டைப்பையில். தாலி கட்டுவதற்கு ஒரே ஒரு படம். கெட்டிமேளம் கொட்டியதும் அட்சதையோடு எழுந்து நிற்கும் பெரியப்பா சித்தப்பாக்களின் முதுகுகளுக்கு நடுவே ஒரு சந்து வேண்டும். மாமா நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் முன்கூட்டியே ஒரு முக்காலியைப் போட்டு வைத்து, மாப்பிள்ளை கையைத் தூக்கும்போது அதன்மேல் ஏறி நிற்பார். நாதஸ்வரக்காரருக்கும் அவருக்கும் அதில் ஒரு நிரந்தரச் சண்டை.

விளம்பரம் என்று பார்த்தால், தீபாவளி சமயத்தில் தமிழ் நேசனில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் வாழ்த்து. 1924-ல் தொடங்கிய அந்தப் பத்திரிகையே 2019-ல் நின்றுவிட்டது. மற்றபடி எல்லாம் வாய்தான். ஒரு தோட்டத்தில் ஒரு கல்யாணம் எடுத்தால், ஆல்பம் வீடு வந்த நாளிலிருந்து ஒரு மாதம் தோட்டத்து வீட்டு வரிசைகளில், லயம் லயமாகச் சுற்றும். கடைசி அட்டையில் ஸ்டூடியோ முத்திரை இருக்கும். அடுத்த முகூர்த்தத்துக்கு அதே தோட்டத்திலிருந்து யாராவது சைக்கிளில் வந்து கடை வாசலில் நிற்பார்கள். ஐம்பது வீட்டு லயத்தில் ஓர் ஆல்பம் செய்த வேலையை என்னுடைய எந்த வெப்சைட்டும் இன்றுவரை செய்ததில்லை.

மாமாவிடம் பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருந்தது. ஒரு கோவிலுக்கு ஒரு பக்கம். வேலைக்காட்டு மாரியம்மன் கோவில், முனியாண்டி கோவில், டவுன் கோவில், கல்யாணம் நடக்கிற டேவான் எல்லாம் உண்டு. பென்சிலில் எழுதியிருப்பார். ஒரு பக்கத்தை அப்படியே சொல்கிறேன்: "வாசல் கிழக்கு. வெயில் மணமக்கள் முகத்தில் 9.30 வரை. அப்புறம் கூரை நிழல் நெற்றியிலிருந்து இறங்கும். இடது தூணுக்குப் பக்கத்தில் நில். தகரக் கூரை, பிளாஷ் மேலே அடிக்காதே, பச்சை வரும். பகலில் கரண்டு இல்லை. மழை பெய்தால் மண் ரோட்டில் வேன் இறங்காது. சாப்பாடு தண்டல் வீட்டில்." பச்சை வருவது எதனால் என்று கேட்டேன். கூரைக்கு உள்பக்கம் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறது, மேலே அடிக்கிற வெளிச்சம் பச்சையைத் தூக்கிக்கொண்டு பெண் முகத்தில் இறங்கும் என்றார். இதையெல்லாம் எழுதி வைக்கிற மனுஷனைக் கொஞ்சம் கஞ்சப் பிசுனாரி என்று அப்போது நினைத்தேன். பன்னிரண்டு படத்தில் ஒன்று வீணானால் என்ன ஆகும் என்று தெரியாத வயது.

தொண்ணூறுகளில் லயங்கள் காலியாக ஆரம்பித்தன. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்தார்கள். செம்பனைக்கு அத்தனை கை வேண்டாம், வேண்டிய கையும் வெளிநாட்டிலிருந்து வந்தது. எங்கள் சனம் பிறை தொழிற்சாலைகளுக்கும் சுங்கை பட்டாணிக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போனது. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டு ஜொகூரில் குடியிருக்கிறவர்கள் எத்தனையோ பேர். லயத்தை இடித்தாலும் கோவிலை இடிக்கப் பலருக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால் பல இடத்தில் செம்பனைக் காட்டுக்கு நடுவே கோவில் மட்டும் நிற்கிறது. ஆல்பம் சுற்ற வீடு இல்லை.

மாமாவும் போய்ச் சேர்ந்தார். கடை எனக்கு வந்தது. பிலிம் போய் டிஜிட்டல் வந்தது.

2009-ல் முதல் வெப்சைட் போட்டேன். அமெரிக்காவில் கல்யாணப் படக்காரர்கள் பலர் அப்போது பிளாஷ் என்ற மென்பொருளில் செய்த தளம் வைத்திருந்தார்கள். திறந்தால் திரை மெல்ல விலகும், பியானோ வாசிக்கும், படங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரையும். எனக்கும் அது வேண்டும் என்று இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி கொடுத்தேன். பியானோவுக்குப் பதில் வீணை. அதுதான் என் பங்கு. பிளாஷில் படமும் எழுத்தும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டுவிடும். உள்ளே எந்த ஊர், என்ன சடங்கு, யார் எடுத்தது என்று கூகுளுக்கு ஒழுங்காகப் பிடிபடாது. ஐபோனில் அது திறக்கவே திறக்காது. பெண்ணைப் பெற்ற ஒருவர் போன் பண்ணி, "தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல சக்கரம் சுத்துது, வீணை கேக்குது, பொண்ணு மாப்பிள்ளையக் காணோம்" என்றார். 2020 கடைசியில் அதை நடத்திய அடோபி கம்பெனியே பிளாஷுக்குக் கருமாதி பண்ணியது. நான் 2012-லேயே பண்ணிவிட்டேன்.

அடுத்த செலவு அதைவிட மோசம். கோலாலம்பூரிலிருந்து ஒருவர் போன் பண்ணினார். ஐந்நூறு இணைப்பு வாங்கித் தருவேன், முதல் பக்கம் நிச்சயம், கேரண்டி என்றார். மற்ற தளங்கள் நம் தளத்தைச் சுட்டிக் காட்டினால் கூகுள் நம்மை மதிக்கும் என்பது உண்மைதான். அதை மூட்டை கணக்கில் விற்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் மேலே இருந்தேன். கடையில் எல்லோருக்கும் காட்டினேன். நான்காவது மாதம் என் கடைப் பேரையே தட்டினாலும் நான் வரவில்லை. போய்ப் பார்த்தால், மீன் தொட்டி விற்கிற தளம், பல் வைத்தியர் தளம், எந்த மொழி என்றே தெரியாத தளம், எல்லாவற்றிலும் என் பேர் ஒட்டியிருக்கிறது. காசு கொடுத்து இணைப்பு வாங்குகிறவர்களைக் கீழே தள்ள 2012 ஏப்ரலில் பென்குவின் என்று ஒன்றைக் கூகுள் இறக்கியிருந்தது. நான் மாட்டியது அதற்கு அடுத்த வருடம். ஒவ்வொரு தளத்துக்கும் எழுதி, எடுக்காதவற்றைக் கூகுளிடம் கைகழுவிப் பட்டியல் கொடுத்து, மறுபடி மூச்சு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கேரண்டி கொடுத்தவரின் நம்பர் அதற்கு முன்பே அணைந்துவிட்டது.

பேஸ்புக் நன்றாக ஓடிய காலம் ஒன்று உண்டு. படத்தில் பெண்ணின் தோழிகளை டேக் பண்ணினால் போதும், பழைய லயத்து ஆல்பம் மாதிரியே சுற்றும். பிறகு அது படத்தைக் காட்டுவதைக் குறைத்துக்கொண்டது. போட்ட படம் இரண்டு நாளில் ஆற்றோடு போய்விடும். இன்ஸ்டாகிராமும் அந்த ரகம்தான். இன்னும் போடுகிறேன், போடாவிட்டால் கடை இருக்கிறதா என்று கேட்பார்கள்.

2015 ஏப்ரல் 21-ல் கூகுள் இன்னொன்று செய்தது. போனில் சரியாகத் தெரியாத தளங்களைப் போனில் தேடுகிறவர்களுக்குக் கீழே இறக்கியது. அன்றைக்கு என் முதல் பக்கத்தில் நாற்பது படம். ஒவ்வொன்றும் கேமராவிலிருந்து வந்தபடியே பத்து மெகாபைட். படக்காரனுக்குப் படத்தைச் சின்னதாக்கச் சொன்னால் வயிறு எரியும். தோட்டத்துப் பக்கம் ஒரு கோடு சிக்னலில் என் பக்கத்தை நானே திறந்து பார்த்தபோது, ஒரு சிகரெட் முழுக்கப் பிடித்து முடிக்கிற நேரம் ஆனது. நாற்பதைப் பன்னிரண்டாக்கினேன். தற்செயலாக மாமாவின் ரோல் கணக்கு. ஒவ்வொரு படத்தையும் இரண்டாயிரம் பிக்சல் அகலத்துக்கு இறக்கினால் நானூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. போனில் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. படத்தின் பேர் டிஎஸ்சி_4471 என்று இருந்ததை, எந்தக் கோவில், என்ன சடங்கு என்று மாற்றினேன். பார்வை இல்லாதவர்களுக்குப் படத்தை வாசித்துக் காட்டப் பின்னால் ஒரு வரி எழுத இடம் உண்டு. அதிலும் படத்தில் இருப்பதை எழுதினேன். கூகுளும் அதைப் படிக்கிறது.

இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கக்கூடியது. தெரியாமல் நான் பட்ட அவஸ்தை வேறு இடத்தில்.

கூகுளில் நான் கடையைப் பதிந்த காலத்தில் தபாலில் ஓர் அட்டை வரும், அதில் ஐந்து இலக்க எண் இருக்கும், அதைத் தட்டினால்தான் கடை நம்முடையது என்று ஒப்புக்கொள்வார்கள். மூன்று வாரம் காத்திருந்தேன். அது பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில், குழம்புக் கறையோடு, கல்லாவுக்குக் கீழே கிடந்தது. எண்ணைத் தட்டிய கையோடு, என்ன வகைக் கடை என்று கேட்டதற்கு 'போட்டோ கடை' என்று கொடுத்துவிட்டேன். கடைப் பலகையில் அப்படித்தானே இருக்கிறது. அடுத்த நான்கு வருடம் வந்த போன் எல்லாம், "போட்டோஸ்டாட் ஒரு ஷீட் எவ்வளவு?", "பாஸ்போர்ட் சைஸ் இப்பவே கெடைக்குமா?", "லேமினேட் பண்ணுவீங்களா?" கல்யாணம் ஒன்றுகூட இல்லை. கூகுளில் நல்ல பேர்தான் போலிருக்கிறது, தொழில்தான் படுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தைப்பிங்கில் தொழில் பண்ணும் நண்பர் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க உங்களப் போட்டோஸ்டாட் கடைன்னு எழுதி வச்சிருக்கீங்க" என்றார். முதல் வகையை 'கல்யாணப் புகைப்படக்காரர்' என்று மாற்றினோம். மாற்ற ஆன நேரம், ஒரு டீ ஆறும் நேரம். போட்டோஸ்டாட் போன்கள் ஒரு மாதத்தில் நின்றன. அந்த நாலு வருடத்தை நினைத்தால் இப்போதும் தூக்கம் கெடும்.

அதே சூட்டில் பேராசை பிடித்தது. கடைப் பேருக்குப் பின்னால் 'பினாங்கு பெஸ்ட் இந்தியன் வெட்டிங்' என்று ஒட்டிவிட்டேன். பலகையில் உள்ள பேர்தான் அங்கேயும் இருக்க வேண்டும் என்பது விதி. கடை வரைபடத்திலிருந்தே காணாமல் போனது. என் தப்பு. பலகையைப் படம் எடுத்து அனுப்பி, பேரைப் பழையபடி மாற்றி, கெஞ்சி, திரும்ப வாங்கினேன். நம் பேரை நாமே நீட்டிக்கொள்வதில் ஒன்றும் கிடைக்காது என்பது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் சொல். என் தளத்தில் நான் எழுதியிருந்தது எல்லாம் 'கேண்டிட்', 'சினிமேட்டிக்', 'காலத்தால் அழியாத தருணங்கள்'. மற்ற படக்காரர்கள் எழுதியதைப் பார்த்து எழுதியது. சர்ச் கன்சோலில் சனங்கள் தட்டியதைப் பார்த்தால் வேறு பாஷை. 'தாலி கட்டு போட்டோ பேக்கேஜ் எவ்வளவு', 'சடங்கு படம் பாரிட் புந்தார்', 'டெம்பிள் வெட்டிங் கேமராமேன் தைப்பிங்', 'ஜுருகம்பார் காவின் பாகான் செராய்'. கடைசியில் சொன்னது மலாய்க்காரர்கள் தேடுவது. அவர்களுடைய நிக்காவும் கெண்டூரி விருந்தும் எனக்குப் பாதிச் சோறு. அவர்களுக்கென்று மலாயில் ஒரு தனிப் பக்கம் எழுதினேன். எதிர்க்கடை மலாய் நண்பர் அதில் இருந்த பிழைகளைத் திருத்திவிட்டு ஒரு வாரம் என்னைக் கேலி பண்ணினார். தமிழில் ஒரு பக்கம் எழுதினேன். தமிழில் தட்டித் தேடுகிறவர்கள் குறைவு, பெரும்பாலும் அம்மாமார்கள். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து போன் வந்தால் பேரம் முடிந்த மாதிரி.

'எவ்வளவு' என்பதுதான் எல்லோரும் தட்டும் சொல். இந்தத் தொழிலில் யாரும் விலையை எழுத மாட்டார்கள். தனியாகக் கேளுங்கள் என்பார்கள். நான் எழுதினேன். கோவில் கல்யாணம் அரை நாள், கோவிலும் ராத்திரி டேவான் விருந்தும் சேர்த்து, ஆல்பம் உண்டா இல்லையா, தொடக்க விலை இவ்வளவு என்று. சக படக்காரர் இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேச்சுக்காகக் கேட்டுப் பார்க்கிற வாட்ஸ்அப் கேள்விகள் குறைந்துவிட்டன. கேட்பவர்கள் தேதியைச் சொல்லிக் கேட்கிறார்கள்.

விமர்சனம் கேட்டு வாங்குவதில் எனக்குக் கூச்சம் போகவே இல்லை. படம் கையில் கிடைத்ததும் பெண், "சூப்பர்ணே, அழுதுட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதும். அது என் போனோடு சரி. கூகுளில் எழுதச் சொன்னால் 'எழுதுறேண்ணே' என்று சொல்லி மறந்துவிடும். அஞ்சு நட்சத்திரம் போட்டால் ஒரு பிரேம் இலவசம் என்று செய்யலாமே என்றான் கடைப்பையன். அது கூகுள் விதிக்கும் ஆகாது, மாமாவுக்கும் ஆகியிருக்காது. இப்போது ஆல்பத்தைக் கொடுக்க நானே வீட்டுக்குப் போகிறேன். முதல் தடவை புரட்டி முடித்து, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, எந்தக் கோவில், என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள் என்று பெண்ணிடம் கேட்கிறேன். 'நல்ல சேவை' என்று எழுதினால் அதில் ஒன்றும் இல்லை. கோவில் பேரோடு எழுதினால் அடுத்து அந்தக் கோவிலைத் தேடுகிறவருக்குப் பிரயோசனம். ஒரு தடவை இரண்டு நட்சத்திரமும் வந்தது. எழுதியவர் மாப்பிள்ளையின் சித்தப்பா. ஆல்பத்தில் அவர் ஓர் இடத்தில்கூட முகத்தோடு இல்லையாம். எப்படி இருப்பார், தாலி கட்டும்போது குறுக்கே நின்ற முதுகே அவருடையதுதான். 'மன்னிக்கணும் ஐயா, தனிப்படம் ஒன்று அனுப்பி வைக்கிறேன்' என்று பதில் போட்டேன். அனுப்பியும் வைத்தேன். நட்சத்திரம் இரண்டோடுதான் நிற்கிறது.

2020 மார்ச் 18-ல் ஊரடங்கு வந்தது. அந்த வருடம் பிடித்து வைத்திருந்த தேதிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடையில் உட்கார்ந்து என்ன செய்வது? அலமாரியைத் துடைத்தபோது பச்சை நோட்டு கையில் கிடைத்தது.

முதல் பக்கத்தை எடுத்து வெப்சைட்டில் ஏற்றினேன். கோவில் பேர், எந்த ரோட்டில் திரும்ப வேண்டும், காரை எங்கே நிறுத்துவது, வாசல் எந்தத் திசை, எத்தனை மணிவரை வெயில் முகத்தில் விழும், எத்தனை பேர் உட்காரலாம், மழை வந்தால் பந்தி எங்கே. கூடவே அங்கே நான் எடுத்த நாலு படம். அடுத்த கோவில். அதற்கடுத்தது. அந்த வருடம் முழுக்க எழுதினேன். சில கோவில்களைப் பற்றி மாமாவின் நோட்டைத் தவிர உலகத்தில் வேறு எங்கேயும் ஒரு வரி எழுத்து கிடையாது. போட்டி இல்லாத சந்தை என்று படித்தவர்கள் சொல்வார்கள். கடைக்காரன் பாஷையில் சொன்னால், மற்றவன் கடை போடாத மூலை.

எழுதும்போதுதான் பேர்ச் சிக்கல் வந்தது. தோட்டத்துக்குக் கம்பெனிப் பேர் ஒன்று. பெரும்பாலும் வெள்ளைக்காரன் வைத்தது, கைமாறும்போது மாறியது. நம் சனம் வைத்த வேலைக்காட்டுப் பேர் வேறு. ஒரு மரம், ஓர் ஆறு, ஒரு பழைய துரையின் கால் ஊனம், எதையாவது வைத்து ஒரு பேர். ரெஜிஸ்டர் எதிலும் அது கிடையாது, வரைபடத்திலும் கிடையாது. ஆனால் ஜொகூரில் பிறந்த பேத்திக்குத் தெரிந்தது அந்தப் பேர் மட்டும்தான். பாட்டி வாயிலிருந்து கேட்டது. அவள் அதை ஆங்கில எழுத்தில், அவளுக்குத் தோன்றியபடி தட்டுவாள். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பேரையும் போட்டேன், வேலைக்காட்டுப் பேரை நம் ஆட்கள் எப்படியெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுவார்களோ அத்தனை விதத்திலும் கதையோடு சேர்த்து எழுதினேன். வரைபடத்தில் புள்ளி இல்லாத கோவில்களுக்கு, கமிட்டிக்காரர்களிடம் கேட்டுவிட்டு, நேரில் போய் நின்று புள்ளி வைத்தேன்.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, கடையில் ஈ ஓட்ட வேண்டும். ஆனால் இந்தப் பக்கங்களுக்கு ஆடியில்தான் கூட்டம். ஆவணிக்குத் தேதி பார்த்தவர்கள், அதைவிட அதிகமாக அடுத்த தைக்குக் கோவில் பார்க்கிறவர்கள். தேடுகிற இடத்தைப் பார்த்தால் சிங்கப்பூர், ஜொகூர் பாரு, கிள்ளான், அப்புறம்தான் பேராக். 'பக்கத்தில்' என்று தேடுகிறவர்களில் நான் இல்லை. தூரத்திலிருந்து ஊருக்குத் திரும்புகிறவர்களில் இருக்கிறேன்.

போன வருடம் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள். "அண்ணே, எங்க பாட்டி கல்யாணம் நடந்த கோவில். பேரத் தட்டினா உங்க பக்கம் மட்டும்தான் வருது. அது இன்னும் இருக்காண்ணே?" என்றாள். இருக்கிறது என்றேன். "ஐயர் ஒன்பதுலேர்ந்து பத்தரை முகூர்த்தம்னு குடுத்திருக்காரு. உங்க பக்கத்துல ஒன்பதரை வரைக்கும் வெயில் மூஞ்சில விழும்னு போட்டிருக்கு. ஒன்பதேகாலுக்குத் தாலி கட்டினா சரியா இருக்குமா?" மாமா பென்சிலில் எழுதியது, முப்பத்தைந்து வருடம் கழித்து, அக்கரையிலிருந்து என்னிடமே திரும்பி வருகிறது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் அங்கே போனேன். வேலியோரம் லயம் இருந்த இடத்தில் செம்பனை. கோவிலுக்குப் புதுப் பெயிண்ட். தகரக் கூரை போய்விட்டது; கமிட்டி சிமெண்டில் முன்மண்டபம் கட்டி, மழைக்காகக் கூரையை முன்னால் பத்தடி இழுத்து விட்டிருக்கிறார்கள். மணை போடும் இடத்தில் போய் நின்றுகொண்டு, போனை முகத்துக்கு நேரே பிடித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தேன். நிழல் நெற்றியைத் தொட்டபோது மணி எட்டு நாற்பது. ஒன்பதுக்கு மூக்கைத் தாண்டிவிட்டது.

அங்கிருந்தே அவளைக் கூப்பிட்டு, முகூர்த்தத்தில் கை வைக்க வேண்டாம், மணையை மட்டும் நாலடி முன்னால் இழுத்துப் போட ஐயரிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். நோட்டில் மாமாவின் 9.30-ஐ ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 8.40, புதுக் கூரை என்று எழுதினேன். வெப்சைட்டில் மாற்றக் கடைக்கு வந்துதான் ஆக வேண்டியிருந்தது. அங்கே சிக்னல் இன்னும் ஒரு கோடுதான்.